தொண்ணூற்றெட்டுச் சொற்கள்

ஆர்லன் க்வாமே கேண்டீனுக்குள் நுழைந்தால் மேஜைகள் காலியாகும். மரியாதைக்காக எழுந்திருக்கிறார்கள் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அப்படியில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து வெஸ்ட் ஹெய்ம்டால் ஊரின் வான்கோழித் தொழிற்சாலையில் எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. முடியை மூடும் தலைவலை மாட்டாதவர், கையுறை மாற்றாதவர், ஈரத்தரையில் ஓடியவர் என்று எல்லோரையும் மஞ்சள் படிவத்தில் எழுதிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்தால் வாயைத் திறந்து மென்றதற்கும் ஒரு மஞ்சள் படிவம் வந்துவிடுமோ என்று ஆட்களுக்குப் பயம்.

ஒருமுறை, சரக்கு வண்டி ஓட்டும் வெர்ன் என்பவன் போகிற அவசரத்தில் சாண்ட்விச்சை மேஜையிலேயே விட்டுவிட்டு ஓடினான். ஆர்லன் அதை ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, காணாமல் போன பொருள்களுக்கான அலமாரியில் வைத்தார். மூன்று வருஷம் அது அங்கேயே இருந்தது. யாரும் கேட்டு வரவில்லை. அந்தத் தொழிற்சாலை இறைச்சி என்பதால் நிறம்கூட மாறவில்லை.

அதற்குப் பிறகு ஆர்லன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். கேண்டீனில் கடைசி மேஜைக்குப் போய், மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். முகம் தெரியாவிட்டால் ஆட்கள் எழுந்து போவதில்லை என்று கண்டுபிடித்திருந்தார். சூப் ஆறுவதற்குள் எல்லோருக்கும் வசதியான ஒரு தீர்வு கிடைத்ததில் அவருக்குத் திருப்திதான்.

வீட்டிலும் பேச்சுத்துணை கிடையாது. மனைவி இருபது வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அவள் திங்கட்கிழமை போனாள்; ஆர்லனுக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது. அந்த ஊரில் குடும்பங்கள் அப்படித்தான். ஜனவரியில் ஒருவர் 'காலை வணக்கம்' என்று சொன்னால், கேட்டவர் நன்றாக யோசித்து மார்ச்சில் பதில் சொல்வார். அதையும் கொஞ்சம் துடுக்குத்தனம் என்றே மற்றவர்கள் நினைப்பார்கள்.

ஐம்பதாவது வயதில் அவரை மேனேஜர் கூப்பிட்டு, "கம்பெனி செலவுல ஒரு படிப்பு படிக்கறீங்களா?" என்று கேட்டார். சட்டத்தில் முதுகலை. வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து படிக்கலாம். வக்கீல் அல்லாதவர்களுக்காகவே ஏற்பட்ட படிப்பு. படித்து முடித்தாலும் வக்கீல் ஆக முடியாது. ஒவ்வொரு பாடத்தின் முதல் பக்கத்திலும் அதைக் கொட்டை எழுத்தில் போட்டு, 'புரிந்தது' என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லுவார்கள். ஆர்லன் அந்த டிக்கை மிகவும் கவனமாக அடிப்பார்.

விஷயம் தொழிற்சாலையில் பரவ ஒரு நாள் ஆனது. ஹோதான் வர்சாமே இரண்டாவது ஷிஃப்டின் மேற்பார்வையாளர். சோமாலியாவிலிருந்து வந்தவள்; ஊரிலேயே சத்தமாகப் பேசக்கூடிய ஒரே ஆள். கேண்டீனின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

"என்ன வக்கீலய்யா, படிப்பெல்லாம் எப்படிப் போகுது?"

"நான் வக்கீல் இல்ல, ஹோதான்." ஆர்லன் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"படிச்சு முடிச்சா?"

"அப்பவும் இல்ல."

"கோர்ட்ல ஏறிப் பேசலாமில்ல?"

"கூடாது."

"போகட்டும், எனக்கு ஒரு வில்லங்கம்னா யோசனையாச்சும் சொல்லலாமா?"

"சட்ட யோசனை சொல்லக் கூடாது. லைசென்ஸ் இல்லாம சொன்னா அதுவே குத்தம்."

"அடப்பாவமே! நீச்சல் கத்துக் குடுத்துட்டு, தண்ணியில எறங்கினா ஜெயில்னு சொல்றாங்களா?"

கேண்டீனே சிரித்தது. முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று ஆர்லனுக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை பேர் சிரிக்கிற அறையில் தானும் இருப்பது அவருக்கு ஒன்றும் கசக்கவில்லை.

உண்மையில், முதல் வாரமே அவர் படிப்பை விட்டுவிட இருந்தார். விடாமல் பிடித்து நிறுத்தியது விவாதப் பலகை.

இந்த மாதிரிப் படிப்புகளில் வகுப்பறை கிடையாது, கணினித் திரையில் எல்லோரும் எழுதுகிற பலகைதான் வகுப்பறை. ஆசிரியர் திங்கட்கிழமை ஒரு கேள்வி போடுவார். புதன்கிழமைக்குள் ஒவ்வொருவரும் முந்நூறு சொல்லில் தன் கருத்தை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள், கூடப் படிக்கிறவர்களில் இரண்டு பேருக்காவது பதில் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிலும் நூறு சொல்லுக்குக் குறையக் கூடாது. எழுதாவிட்டால் மார்க் போய்விடும்.

முதல் சனிக்கிழமை காலை ஆர்லன் கணினியைத் திறந்தபோது அவர் எழுதியதற்குக் கீழே நாலு பதில்கள் இருந்தன. நாலு மனிதர்கள், ஆளுக்கு நூறு சொல். 'அன்புள்ள ஆர்லன்' என்று ஆரம்பித்திருந்தார்கள். 'உங்கள் கருத்து என்னை யோசிக்க வைத்தது' என்று ஒரு தீயணைப்புக்காரர் அரிசோனாவிலிருந்து எழுதியிருந்தார். ஆர்லன் நாற்காலியை விட்டு எழுந்து, வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி படித்தார். அந்த வருஷம் அவரிடம் யாரும் சேர்ந்தாற்போல் நூறு சொல் பேசியதில்லை. அதற்கு முந்தின வருஷம் பல் டாக்டர் பேசினார். ஆனால் அவர் ஆர்லனின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அவர்கள் மார்க்குக்காக எழுதுகிறார்கள் என்பது ஆர்லனுக்குத் தெரியாமல் இல்லை. விதிகளை அவரைவிட யார் படித்திருக்கப் போகிறார்கள்? ஆனால் மழை கூட யாரையும் நினைத்துப் பெய்வதில்லை, நனைகிறோம் இல்லையா என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

சீக்கிரமே தொழில் நுணுக்கங்கள் பிடிபட்டன. வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் கிடையாது. பலகையில் முதலில் கண்ணில் படுகிறவருக்குப் பதில் எழுதிவிட்டு ஓடுவார்கள். எனவே திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே ஆர்லன் தம் கருத்தைப் போட்டுவிடுவார். அதைவிடப் பெரிய நுணுக்கம் இரண்டாவது பாடத்தில் கிடைத்தது. சரியாக எழுதினால் மூன்று பேர் வருவார்கள். எங்கேயாவது ஒரு சின்னத் தப்பை விட்டுவைத்தால் ஏழு பேர் வருவார்கள். திருத்துவதற்கு மனிதர்களுக்கு இருக்கிற ஆசை சட்டம் போட்டு வருவதில்லை. அதனால் ஆர்லன் வாரம் ஒரு தப்பு செய்தார். ஒரு வருஷத்தைத் தவறாகப் போடுவார். ஒரு நீதிமன்றத்தை வேறு மாநிலத்தில் கொண்டுபோய் வைப்பார். ஒருமுறை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் செத்துப்போனால் ஒப்பந்தத்தை அவரோடு புதைத்துவிட வேண்டும் என்று எழுதினார். இருபத்திரண்டு பேர் திருத்தினார்கள். அந்த வகுப்பில் மொத்தமே பத்தொன்பது பேர்தான்.

பத்துப் பாடம் முடித்தால் பட்டம். இரண்டு வருஷத்துப் படிப்பு. ஆர்லன் நாலரை வருஷம் படித்தார். ஒன்பது பாடம் முடித்துவிட்டு, பத்தாவதாகக் கட்டாயமாகப் படிக்க வேண்டியதை ஒவ்வொரு தடவையும் ஐந்தாவது வாரத்தில் பாதியில் கைவிடுவார். ஐந்தாவது வாரம் வரை கைவிடலாம் என்பது விதி. நடுவில் பொழுதுபோகாமல் கடல்வழிச் சட்டம் படித்தார். மினசோட்டாவில் கடல் கிடையாது. விண்வெளிச் சட்டமும் படித்தார். அதில் மொத்தம் நாலே பேர் இருந்ததால் எல்லோரும் அவருக்கே பதில் எழுதும்படி ஆனது. வாழ்நாளிலேயே நல்ல ஏழு வாரங்கள்.

வினை விண்வெளியிலிருந்துதான் வந்தது. நவம்பர் மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம். 'வாழ்த்துகள்! பத்தாவது கட்டாயப் பாடத்துக்கு ஈடாக விண்வெளிச் சட்டத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். டிசம்பரில் உங்களுக்குப் பட்டம் வழங்கப்படும். அத்துடன் விவாதப் பலகைகளில் உங்கள் அனுமதி முடிவடையும்.'

ஆர்லன் கடிதத்தை மேஜையில் வைத்தார். வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்க் காற்றில் நாயின் குரைப்பு முதலில் வந்துசேரும். நாய் மறுநாள்தான் வரும். டிசம்பருக்குப் பிறகு தமக்கு எழுத வேண்டிய கட்டாயம் பூமியில் ஒருவருக்கும் இருக்காது என்று அவர் நினைத்தார். கட்டாயமில்லாமல் எழுதக்கூடியவர்கள் யார் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். விரல் எதுவும் மடங்கவில்லை.

படித்த படிப்பு வீண் போகவில்லை. தமக்குப் பட்டம் தரக் கூடாது என்று நாற்பத்தொரு பக்கத்தில் ஆர்லன் ஒரு மேல்முறையீடு எழுதினார். தமக்காகத் தாமே எழுதிக்கொள்ளலாம். அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. நாலரை வருஷத்தில் தாம் எழுதிய அத்தனை பதில்களையும் எடுத்து ஒவ்வொரு சொல்லாக எண்ணினார். மூன்று வார இறுதிகள் ஆயின. கடைசியில் அகப்பட்டது: முதல் பாடம், மூன்றாவது வாரம். லூயிசியானாவைச் சேர்ந்த நெல்டா ஃபோன்டெனோ என்பவருக்கு எழுதிய பதில். தொண்ணூற்றெட்டுச் சொற்கள். நூறு இருக்க வேண்டும், இரண்டு குறைகிறது. ஆசிரியர் கவனிக்காமல் மார்க் போட்டிருக்கிறார். ஆகவே முதல் பாடம் முடியவில்லை. ஆகவே பட்டத்துக்குத் தகுதி இல்லை.

மேல்முறையீட்டுக் கமிட்டி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கணினித் திரையில் கூடியது. மூன்று பேர். தலைவி பிரிசில்லா யங்க்வர்த் என்ற நரைத்த தலை அம்மாள். பக்கத்தில் ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர் டெல்மர் ஹியூஸ். மூன்றாமவர் கேமராவைச் சரியாக வைக்காததால் கடைசிவரை ஒரு காதாகவே இருந்தார். ஆர்லன் டை கட்டிக்கொண்டு தம் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார். முன்பு வான்கோழி முட்டை வைத்திருந்த கிடங்கு அது.

"ஆர்லன், நான் பதினெட்டு வருஷமா இந்தக் கமிட்டியில இருக்கேன்," என்றார் பிரிசில்லா. "பட்டம் குடுங்கன்னு அழுதவங்கள பார்த்திருக்கேன். ஒருத்தர் குதிரையோட வந்து நின்னாரு. வேணாம்னு நாற்பத்தொரு பக்கம் எழுதினவர இப்பத்தான் பார்க்கறேன்."

"முப்பத்தெட்டு பக்கம்தான் அம்மா. மூணு பக்கம் பொருளடக்கம்."

"நானும் எண்ணிப் பார்த்தேன்," என்றார் ஹியூஸ் உற்சாகமாக. "தொண்ணூத்தெட்டுதான். கரெக்ட். என்ன அருமையான வாதம்!"

"டெல்மர், கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் பிரிசில்லா. "ஆர்லன், சட்டத்த விடுங்க. உண்மையான காரணம் என்ன?"

"விதி நாலு, உட்பிரிவு இரண்டு."

"அது பக்கம் ஆறுல இருக்கு, படிச்சேன். நான் கேக்கறது வேற."

ஆர்லன் டையைச் சரிசெய்தார். எதிரே மூன்று கட்டங்கள். இரண்டு முகம், ஒரு காது. மூன்றும் அவர் சொல்லப்போவதற்குக் காத்திருந்தன. மூன்று பேர் ஒரே சமயத்தில் அவருக்காகக் காத்திருந்து எவ்வளவோ காலம் ஆகிறது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்று பேசாமல் இருந்தார். ஆனால் படிவத்தில் கேட்ட எதற்கும் பொய் எழுதிப் பழக்கமில்லாதவர்.

"பட்டம் வந்துட்டா, யாரும் எனக்கு எழுத வேண்டியதில்ல இல்லையா," என்றார்.

காது லேசாக அசைந்தது.

பிரிசில்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு எங்ககிட்ட விதி இல்லப்பா."

"தெரியும் அம்மா. தேடிப் பார்த்துட்டேன்."

தீர்ப்பு வெள்ளிக்கிழமை வந்தது. ஆர்லன் ஜெயித்துவிட்டார். மேல்முறையீடு முழுமையாக ஏற்கப்பட்டது; முதல் பாடம் நிறைவடையவில்லை; பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது. அந்தப் பழைய விவாதப் பலகை அவருக்காகத் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாள் திறந்து வைக்கப்படும். அதற்குள் விடுபட்ட இரண்டு சொற்களை எழுதிக் குறையைத் தீர்க்க வேண்டும். எழுதினால் பட்டம். எழுதாவிட்டால் பெயர் நீக்கம். இரண்டிலும் பலகைக்குப் போகிற வழி மூடிவிடும். ஆர்லன் தீர்ப்பை மூன்று தடவை படித்தார். ஓட்டை எதுவும் இல்லை. ஹியூஸ் எழுதியதாக இருக்க வேண்டும். மனுஷன் ரசித்து எழுதியிருந்தார்.

ஹோதானுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"கேட்டீங்களாடா, நம்ம வக்கீலய்யா கேஸ்ல ஜெயிச்சு, தனக்குத் தானே தண்டனை வாங்கிட்டு வந்திருக்காரு!"

ஆர்லன் சுவரைப் பார்த்து, "நான் வக்கீல் இல்ல," என்றார்.

"வக்கீலா இருந்தா தோத்திருப்பீங்க, நல்லா இருந்திருக்கும்!"

திங்கட்கிழமை காலை அவர் பழைய பலகையைத் திறந்தார். நாலரை வருஷத்துக்கு முந்தைய பேச்சுகள் அப்படியே இருந்தன. அரிசோனா தீயணைப்புக்காரர் எல்லோருக்கும் ஒரே பதிலைப் பெயர் மாற்றிப் போட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஆர்லன் அதை மன்னித்துவிட்டு நெல்டா எழுதியதைத் தேடி எடுத்தார்.

நெல்டாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளும் உறவினர்களும் அனுப்புகிற புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். அந்த வாரம் அவர் ஒரு புகாரைப் பற்றி எழுதியிருந்தார். ஒருவருடைய அம்மா கடைசி ஒன்பது நாள் படுத்திருந்த அறையில் ஜன்னலுக்கு எதிரே வெறும் செங்கல் சுவர். ஜன்னல் என்றால் வெளியே ஏதாவது தெரிய வேண்டும் என்று சட்டம் இல்லையா என்று மகன் கேட்டிருக்கிறார். நெல்டா சட்டத்தையெல்லாம் அலசிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தார்: 'புகார் என்றாலே என்னைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள். என் மேஜைக்கு எதிரிலும் சுவர்தான். உங்கள் அறைகளில் ஜன்னல் இருக்கிறதா?'

அதற்கு மூன்று பேர் பதில் எழுதியிருந்தார்கள். மூவரும் கட்டடச் சட்டத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஆர்லனும்தான்: ஜன்னலின் அளவுக்கு விதி உண்டு, காட்சிக்கு விதி கிடையாது என்று தொண்ணூற்றெட்டுச் சொல்லில், ஒரு தப்புக்கூட இல்லாமல். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அது மார்க்குக்கான கேள்வி இல்லை.

ஆர்லன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டைக் கிடங்கு அறையின் நாலு சுவரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு தம் பழைய பதிலுக்கு அடியில் குறைந்த இரண்டு சொற்களை எழுதினார்: 'ஜன்னல் இல்லை.'

நூறு ஆனது. பட்டத்துக்குத் தகுதி வந்துவிட்டது. ஒரு பச்சை டிக் வந்து விழுந்தது.

அந்தப் பலகைக்கு ஒரு குணம் உண்டு. யாருக்காவது பதில் எழுதினால், அவருக்கு ஒரு மின்னஞ்சல் தானாகப் போகும். நாலரை வருஷம் ஆனாலும் போகும். ஆள் படிப்பை முடித்து வீடு மாறி, தலைக்குச் சாயம் மாற்றியிருந்தாலும் போகும். ஆர்லனுக்கு அது நினைவில் இல்லை. புதன்கிழமை காலை அவருடைய பதிலுக்குக் கீழே ஒரு வரி இருந்தது.

'ஆர்லனா? மினசோட்டா ஆர்லன்? இதுக்கு மார்க் இருக்கா? நெல்டா.'

ஆர்லன் யோசித்தார். 'இருக்கு' என்றால் நெல்டா எழுதுவார். நாலரை வருஷ அனுபவத்தில் அதில் சந்தேகமே இல்லை. மார்க் இருந்தால் செத்தவர்கூட எழுந்து வந்து நூறு சொல் எழுதிவிட்டுப் போவார். 'இல்லை' என்றால் அவ்வளவுதான். தட்டச்சுப் பலகையில் கையை வைத்துக்கொண்டு அன்றைய ஆய்வு முழுவதையும் தவறவிட்டார். அன்று மட்டும் தொழிற்சாலையில் தலைவலையே இல்லாமல் நாற்பது பேர் வேலை செய்தார்கள் என்றும், வான்கோழிகளே கூச்சப்பட்டன என்றும் ஒரு பேச்சு உண்டு. மத்தியானம் அவர் எழுதினார்:

'எனக்கு உண்டு. உங்களுக்கு இல்லை.'

வியாழக்கிழமை எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று ஆர்லன் எதிர்பார்த்திருந்தார்; எதிர்பார்த்தது நடந்தால் வலிக்காது என்று நினைத்தது மட்டும் தப்பு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதில் வந்தது.

'அப்போ அவசரமில்ல, சாவகாசமா எழுதறேன். இப்ப என் மேஜை முன்னாடி ஒருத்தர் நின்னு கத்திக்கிட்டிருக்காரு. நான் குறிப்பு எடுக்கறதா நினைச்சுக்கிட்டிருக்காரு, பாவம்.'

ஆர்லன் சிரித்தார். சிரிப்பு சத்தமாகவே வந்துவிட்டது. சிரித்தது யார் என்று அவரே திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் உறைத்தது. சாவகாசமாக எழுத நேரம் இல்லை. நாளை ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையோடு பலகை மூடப்படும். நெல்டாவுக்கு அது தெரியாது. அடுத்த வாரம் எழுதலாம் என்று அவர் வந்து பார்க்கும்போது கதவு இருக்காது.

வழி ஒன்றுதான். ஆனால் விவாதப் பலகையின் விதி ஏழு தெளிவாகச் சொல்கிறது: மாணவர்கள் தங்கள் தொலைபேசி எண்ணையோ முகவரியையோ பலகையில் போடக் கூடாது. ஆர்லன் ஐம்பத்தைந்து வயது வரை ஒரு விதியையும் மீறியவர் இல்லை. நடு வயலில், ஒரு வண்டியும் வராத சாலையில், சிவப்பு விளக்கு பழுதாகி நின்றபோது நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறார். கடைசியில் ஒரு மான் வந்து கடந்துபோன பிறகுதான் அவரும் கடந்தார்.

தம் கைபேசி எண்ணை எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். அதற்கு முன்னால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'ஞாயிற்றுக்கிழமை இது மூடிவிடும். விருப்பம் இருந்தால் கூப்பிடுங்கள். கட்டாயமில்லை,' என்று போட்டு, அனுப்பிவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் படிவத்தை எடுத்தார். பெயர் என்கிற இடத்தில் ஆர்லன் க்வாமே என்று எழுதினார். குற்றம் என்கிற இடத்தில் 'தெரிந்தே செய்தது' என்று எழுதினார். இனி நடக்காமல் தடுக்க என்ன செய்யப்படும் என்ற இடத்தைக் காலியாக விட்டார். எந்தப் படிவத்திலும் அவர் காலியிடம் விட்டது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை ஆபீஸ் தொலைபேசியில் பிரிசில்லா கூப்பிட்டார்.

"ஆர்லன், உங்க பதிவை எடுத்துட்டோம். விதி ஏழு."

"நியாயம்தான் அம்மா. எப்ப எடுத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம். நான்தான் எடுத்தேன். சனிக்கிழமையே பார்த்தேன், என்னவோ வேலையில மறந்துட்டேன்னு வெச்சுக்குங்களேன்."

ஆர்லன் ரிசீவரை இறுக்கிப் பிடித்தார். "அதுக்குள்ள அவங்க பார்த்தாங்களா?"

"அதச் சொல்ல முடியாது. மாணவர் விவரம், ரகசியம். அந்தச் சட்டத்துல நீங்க நூத்துக்கு நூறு வாங்கினவரு."

"ஆமா அம்மா. பிரிவு நாலுல வரும்."

"பட்டம் தபால்ல வருது. வாழ்த்துகள்பா," என்றார் பிரிசில்லா. வைக்கும் முன் கொஞ்சம் தயங்கினார். "நல்லா எழுதியிருந்தீங்க. கட்டாயமில்லைன்னு கடைசியில போட்டிருக்க வேணாம்."

பட்டம் வந்தது. ஆர்லன் அதை உறையிலிருந்து எடுக்கவில்லை. ஜனவரி முதல் வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. கேண்டீனில் சாப்பிடும்போது கைபேசியை ஒழுங்காக, மேஜை விளிம்புக்கு இணையாக வைத்திருப்பார். திரை மேலே பார்த்திருக்கும். சில நாள் அது வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆபீஸ் தொலைபேசியிலிருந்து தானே கூப்பிடுவார். பிறகு எடுத்து, "ஆமாம், வேலை செய்கிறது," என்று சொல்லிவிட்டு வைப்பார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது அது அடித்தது. கேண்டீனில் பேச்சு நின்றது. அந்தக் கைபேசிக்கு மணி இருக்கிறது என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. ஹோதான் கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஆர்லன் எடுத்தார்.

"ஆர்லனா?" தெற்கத்தி இழுப்பில் ஒரு பெண் குரல். "நெல்டா பேசறேன். உங்க நம்பரை ரசீதுக்குப் பின்னால எழுதிக் கோட்டுப் பையில வெச்சேன், அந்தக் கோட்டைச் சலவைக்குப் போட்டுட்டேன். ரெண்டு எண் அழிஞ்சு போச்சு. இந்த வாரம் முழுக்க ஒண்ணொண்ணா மாத்திப் போட்டுக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். உங்க ஊர்ல என்ன, யாருமே பேச மாட்டீங்களா? நாப்பத்தாறு பேர் எடுத்தாங்க, எடுத்துட்டு மூச்சு மட்டும் விடறாங்க."

"யோசிச்சிட்டு இருப்பாங்க," என்றார் ஆர்லன்.

"நல்லா யோசிச்சாங்க போங்க! சரி, நான் ஒரு அலுவலா வந்து காரில காத்துக்கிட்டிருக்கேன், உள்ள கூப்பிட பத்து நிமிஷம் ஆகும். ஏதாவது சொல்லுங்க."

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தியும் வேணாம். உங்களுக்கு எதிர்ல என்ன தெரியுது, அதச் சொல்லுங்க."

ஆர்லனுக்கு எதிரில் சுவர் இருந்தது. அதை அப்படியே சொல்லலாம் என்று வாயெடுத்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் திரும்பியதும் கேண்டீனில் பாதிப் பேர் பழக்கத்தில் எழுந்தார்கள். ஹோதான் கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்தாள். ஆர்லன் யாரையும் பார்க்கவில்லை. மேஜைகளுக்கு நடுவே நடந்து, சரக்கு இறங்கும் பக்கத்துக் கண்ணாடிக் கதவருகே போய் நின்றார்.

"பனி பெய்யுது," என்றார். "லாரி ஒண்ணு இப்பத்தான் வந்து நின்னிருக்கு. கூண்டு கூண்டா வான்கோழி."

"உயிரோடவா? எத்தனை?"

லாரியோடு வரும் சீட்டில் எண்ணிக்கை இருக்கும். முப்பது வருஷமாக அவர் சீட்டைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது சீட்டைக் கேட்கத் தோன்றவில்லை.

"இருங்க, எண்ணிச் சொல்றேன்," என்று கதவைத் தள்ளித் திறந்தார். கோட்டு உள்ளே நாற்காலியில் கிடந்தது. "தலைய வெளிய நீட்டறத மட்டும் எண்ணவா?"

"உள்ள இருக்கறதையும்தான்."

"நேரமாகுமே. உங்களக் கூப்பிட்டுடுவாங்க."

"கூப்பிடட்டும்," என்றார் நெல்டா. "நீங்க எண்ணுங்க."

ஆர்லன் பனியில் இறங்கி முதல் கூண்டின் பக்கம் போனார். உள்ளேயிருந்து ஒரு வான்கோழி அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"ஒண்ணு," என்றார்.